மூன்று ஆட்கள், நான்கு கற்கள்

தம்பி,

இந்தக் கடித உறையை நான் ஒட்டவில்லை. தபால்காரர் படிக்கட்டும், உன் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர்கள் படிக்கட்டும், நீ பழக்கப்போகிற அந்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து படிக்கட்டும். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. உன்னைப் பற்றி நான் சொல்லப்போவதையெல்லாம் இங்கே நம் பிரிக்ஃபீல்ட்ஸில் கேட்க ஆள் இருந்த இடத்தில் எல்லாம் சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் முழுதாகச் சொன்னதில்லை. நீ சிங்கப்பூர் வண்டி ஏறிய அன்று உன் அம்மா நமக்கு நடுவில் நின்றுகொண்டாள். வேண்டுமென்றுதான் நின்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

உன் கடிதம் வந்தது. காற்றோட்டமான வீடு, பக்கத்திலேயே கோயில், வந்து உங்களோடு இருங்கள் என்று எழுதியிருக்கிறாய். எல்லாம் எழுதி முடித்துவிட்டு, கடைசி வரியில், அலுவலக அணியைப் பழக்கும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றும், "நீங்கள் கல் வைத்துச் செய்வீர்களே, அந்தப் பயிற்சி எப்படி என்று எழுதுங்கள்" என்றும் கேட்டிருக்கிறாய். நீயாகக் கேட்டதா, அப்பாவிடம் இதைக் கேள், அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று உன் அம்மா சொல்லிக் கேட்டதா, எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்டால் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எதுவானாலும் கேட்டது கேட்டதுதான், பதில் எழுதுகிறேன். நீ அதைச் செய்ய மாட்டாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். அங்கே வந்து இருப்பதைப் பற்றி மறுபடி எழுதாதே. நான் வரமாட்டேன். அம்மா வருவதானால் வரட்டும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் யார் என்று தெரியாது அல்லவா? நான் ரயில்வே யார்டில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளம் பிரிகிற இடத்தில் நெம்புகோலைத் தள்ளி, எந்த வண்டி எந்தப் பாதையில் போக வேண்டுமோ அந்தப் பாதையைத் திறந்துவிடுவது என் வேலை. பள்ளிக்கூடம் போனதில்லை. எழுதப் படிக்க நானாகக் கற்றுக்கொண்டேன். கால்பந்தாட்டமும் அப்படித்தான். நகரத்துப் பெரிய திடலில் வெள்ளைக்காரர்கள் ஆடுவதைக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தேன். எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். எனக்கு யார்டுப் பழக்கம், பந்து வரப்போகும் இடத்தைப் பார்த்தேன். வண்டி வந்த பிறகு வழி திறப்பவன் பாயிண்ட்ஸ்மேன் அல்ல, கொலைகாரன். வண்டி வருவதற்கு முன்பே வழி திறந்திருக்க வேண்டும். பந்தும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது. பந்து வைத்திருப்பவன் ஒருவன், மற்ற பத்துப் பேரும் வழி திறக்க வேண்டியவர்கள். இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்திருந்தால் நம்பியிருக்கவும் மாட்டேன்.

எனக்குக் கிடைத்த ஆட்டக்காரர்கள் யார் என்று உனக்குத் தெரியும். பாதையில் ஜல்லி கொட்டுகிற கூட்டத்து ஆட்கள். காலில் பூட்ஸ் கிடையாது, ஆனால் ஜல்லிமேல் நடந்து நடந்து பாதம் தோல்வாராகிவிட்டிருந்தது. செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பழைய பள்ளத்தைத் தூர்த்த இடத்தில், குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், வேலை விட்டு வந்ததும் கூடினோம். முதல் நாளே எனக்கு ஆச்சரியம். பந்தை ஒருவனிடமிருந்து ஒருவனுக்குத் தள்ளுவதில் அவர்களுக்கு ஈடு கிடையாது. நேராக, அளவாக, வாங்குகிறவன் காலுக்கே போகும். நான் பூரித்துப் போனேன். ஆட்டம் என்று இறங்கியதும்தான் தெரிந்தது. பந்தைக் கொடுத்தவன் கொடுத்த இடத்திலேயே நிற்கிறான். நிற்பது மட்டுமில்லை, பந்தைக் கொடுத்த கையோடு உடம்பைத் திருப்பி, பின்பக்கம் பார்க்கிறான். அடுத்த பந்து அந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று.

ஏன் என்று எனக்கு விளங்கச் சில நாள் ஆயிற்று. ஜல்லி வண்டியிலிருந்து பாதை வரைக்கும் அவர்கள் வரிசையாக நிற்பார்கள். கூடை கைமாறிப் போகும். வாங்கு, திரும்பு, கொடு, திரும்பு, வாங்கு. இடம் விட்டு ஒருவன் நகர்ந்தால் கூடை தரையில் விழும், வேலை வாங்குகிற மண்டோர் அன்றைய கூலியில் கை வைப்பான். பல வருஷம் அப்படி நின்ற உடம்பு அது. பந்து காலுக்கு வந்ததும் அது கூடையாகிவிட்டது. பந்தில்லாத நேரத்தில் நகர வேண்டும் என்று நான் சொன்னபோது, வேலை நேரத்தில் இடத்தை விட்டு ஓடச் சொல்கிறேன் என்று அவர்கள் கால்களுக்குப் பட்டது. தலைக்குப் புரிந்தது. கால்கள்தான் கேட்கவில்லை.

நீ கேட்ட கல் பயிற்சி அதற்காக நான் கண்டுபிடித்ததுதான். சதுரமாக நான்கு மூலையில் நான்கு கல் வை. மூலைக்கு மூலை ஒரு தண்டவாளத் துண்டின் நீளம், பத்துப் பன்னிரண்டு எட்டு, இருந்தால் போதும். மூன்று கல்லில் மூன்று ஆட்கள் நிற்கட்டும். நான்காவது கல் காலியாக இருக்கும், அது எப்போதும் காலியாகவே இருக்கும், எது காலி என்பது மட்டும் மாறிக்கொண்டிருக்கும். நடுவில் பந்தைப் பறிக்க ஒருவன். பந்து சதுரத்தின் ஓரமாக, பக்கத்துக் கல்லுக்குத்தான் போகலாம். குறுக்கே போகக் கூடாது. விதி அவ்வளவுதான். பந்து வைத்திருப்பவனுக்கு இடப்பக்கம் ஒருவன், வலப்பக்கம் ஒருவன் எப்போதும் இருக்க வேண்டும். அவன் வலப்பக்கம் கொடுத்துவிட்டான் என்றால், வாங்கினவனுக்கு ஒரு பக்கம் ஆள் இருக்கிறான், மறுபக்கம் காலிக் கல். அந்தக் காலிக் கல்லுக்கு ஓட வேண்டியவன் யார்? கொடுத்தவன் இல்லை, வாங்கினவன் இல்லை. பந்துக்குச் சம்பந்தமே இல்லாமல் தூரத்தில் நிற்கிற மூன்றாவது ஆள். பந்து போய்ச் சேருவதற்குள் அவன் அங்கே இருக்க வேண்டும். அவனுக்குப் பந்து வராமலே போகலாம். நடுவில் இருப்பவன் அவனைப் பார்த்து ஒரு அடி நகர்ந்தாலே போதும், அவன் ஓட்டம் வேலை செய்துவிட்டது. பந்து திரும்பிப் போனால் அவனும் திரும்பி ஓட வேண்டும்.

மாரிமுத்துவை நினைவிருக்கிறதா என்று உன்னைக் கேட்கப்போவதில்லை. நினைவிருக்க வேண்டும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: கூடை வரிசையில் முதல் ஆள் அவன், குள்ளம், மார்பு அகலம், வாய் ஓயாது. ஒரு நாள் அப்படி மூன்றாவது ஆளாக ஓடி ஓடி, பந்து ஒரு தடவைகூட அவனிடம் வராமல், பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பந்தே வராத எனக்கு எதுக்கண்ணே இந்த ஓட்டம்? இதுக்குக் கல்லு தூக்கினாலும் கூலி கிடைக்குமே."

"நீ ஓடினதாலதான்டா அவனுக்கு வழி கிடைச்சுது."

"அப்ப அவனையே ஓடச் சொல்லுங்க. நான் நிக்கிறேன், எனக்கு வழி கிடைக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எழுந்து ஓடு என்றேன். ஓடினான்.

அதற்கு மேலும் ஒரு பயிற்சி வைத்தேன். அதை நீ செய்யவே மாட்டாய், இருந்தாலும் எழுதுகிறேன். பந்தே இல்லாமல் ஆடுவது. பதினோரு பேரையும் திடலில் நிறுத்தி, பந்து இப்போது இன்னாரிடம் இருக்கிறது என்று நான் பெயரைச் சொல்வேன். மற்றவர்கள் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே போக வேண்டும். அடுத்த பெயர் சொல்வேன். மறுபடி நகர வேண்டும். காலில் பந்து இல்லாததால் கண் தரையை விட்டு எழும்பும், ஆள் ஆளைப் பார்ப்பான், காலியிடத்தைப் பார்ப்பான். குவார்ட்டர்ஸ் ஜனம் முழுவதும் வேலியில் நின்று வேடிக்கை பார்த்தது. மண்டோர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "என்ன பாயிண்ட்ஸ்மேன், பந்தை அடகு வச்சுட்டீங்களா?" என்று கேட்டான். அது உனக்கு வெட்கமாக இருந்தது. கிளார்க் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாய், உன் கூட்டாளிகள் பாதையில் போனார்கள். அன்றைக்கு வீட்டில் நீ சாப்பிடாமல் எழுந்துபோனாய். நான் ஏன் என்று கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் நிறுத்தியிருக்கமாட்டேன்.

உன் ஆட்டம் வேறு. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆங்கிலப் பள்ளியில் நீ கற்றுக்கொண்டது, பூட்ஸ் போட்டுக்கொண்டு, பந்தைக் காலோடு கட்டிவைத்ததுபோல இழுத்துக்கொண்டு போவாய். எதிரே நிற்கிறவன் இடுப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் விழுவான். ஜனம் வாய் பிளக்கும். எனக்கும் கையிலே மயிர் சிலிர்த்திருக்கிறது, பொய் சொல்வானேன். ஆனால் நீ பந்தோடு போகும்போது மற்ற பத்துப் பேரும் என்ன செய்கிறார்கள்? ஜனத்தோடு ஜனமாக நின்று உன்னைப் பார்க்கிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை.

பிறகு அந்த மோசமான காலம் வந்தது. ரப்பர் விலை விழுந்தது, ஈயம் விழுந்தது, சரக்கு வண்டிகள் யார்டில் துருப்பிடித்து நின்றன. எங்கள் பகுதியில் ஆட்களைக் குறைத்தார்கள். குறைத்தவர்களை நாகப்பட்டினம் வழியாக ஊருக்கே கப்பல் ஏற்றினார்கள். தினமும் காலையில் வேலைக்குப் போகிறவன் சாயங்காலம் வேலையோடு திரும்புவானா என்று தெரியாது. அப்போதும் அவர்கள் திடலுக்கு வந்தார்கள், தம்பி. அரை வேலை, அரை வயிறு. வந்து நான்கு கல்லைச் சுற்றி ஓடினார்கள். பசியோடு இருப்பவர்களை ஓடவிடுகிறானே பாவி என்று என்னை ஏசினவர்கள் உண்டு, உன் அம்மாவும் ஏசினாள். நான் யாரையும் இழுத்துக்கொண்டு வரவில்லை. வந்தார்கள்.

ஏன் வந்தார்கள் என்பதும் உனக்குத் தெரியும். எங்கள் பகுதித் துரைக்குப் பந்தாட்டத்தில் பைத்தியம். கிள்ளானில் கப்பல்துறை வேலையாட்களின் அணியோடு எங்களுக்கு ஓர் ஆட்டம் ஏற்பாடாகியது. மண்டோர் வந்து சொன்னான்: "துரை பாக்க வராரு. நல்லா ஆடுற ஆளுங்கள அவரு கப்பல் ஏத்தமாட்டாருன்னு ஆபீஸ்ல பேசிக்கிறாங்க." பேசிக்கொண்டார்களோ இல்லையோ, கேட்ட நாளிலிருந்து மாரிமுத்து ஒரு தடவைகூட உட்காரவில்லை. அவன் கால்களுக்கே அப்போது புரிந்துவிட்டது. ஒரு சாயங்காலம், மழை தூறிக்கொண்டிருந்தது. பந்து சதுரத்தைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் நின்ற சவரிமுத்து மூச்சு வாங்கி, "இதுக்கு மேல என்னால ஆகாது, பந்து இருக்கிற இடமே தெரியல" என்று கையெடுத்துக் கும்பிட்டான். என் ஆயுசில் ஒன்று சரியாக அமைந்து நான் பார்த்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

ஆட்டத்துக்கு முந்தின வாரம் எங்கள் முன்னாட்டக்காரன் காத்தானைக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். ஓர் ஆள் குறைந்தது. உன்னைக் கூப்பிட்டவன் நான்தான். நீ வந்தாய். நீ ஆடுகிற கிளார்க்குகள் கிளப்பில் கேலி செய்வார்கள் என்று தெரிந்தும் வந்தாய், அதை நான் மறுக்கவில்லை. வெறும் காலோடு ஆடுகிறவர்கள் நடுவில் பூட்ஸ் வேண்டாம் என்று நீயே கழற்றி வைத்தாய். அப்போது எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. அதற்குப் பிறகு அப்படி ஒரு நம்பிக்கை எனக்கு வந்ததில்லை.

அன்று நடந்ததை நீ ஒரு மாதிரி சொல்கிறாய், நான் பார்த்ததைச் சொல்கிறேன். கிள்ளான் ஆட்கள் மூட்டை தூக்குகிறவர்கள், ஒவ்வொருவனும் கதவு அகலம். ஆனால் பந்து அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் ஆளை நோக்கி ஓடினார்கள், ஓடி வருவதற்குள் பந்து போயிருந்தது. அவர்கள் ஒரு கோல் போட்டார்கள், நாங்கள் ஒரு கோல் போட்டோம். ஜனத்துக்குச் சலிப்பு தட்டியது, "அடிங்கப்பா, எவ்வளவு நேரம் கொஞ்சிக்கிட்டு இருப்பீங்க" என்று ஒருவன் கத்தினான். துரை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடிகிற நேரம். பந்து பின்னாலிருந்து சன்னாசி, சவரிமுத்து என்று கால் மாறி மாறி வந்தது. மாரிமுத்து வலது பக்கமாக ஓடினான். பந்து வராது என்று தெரிந்தே ஓடினான். காவலுக்கு நின்ற இரண்டு பேரும் அவன் பின்னால் போனார்கள். நடுவில் வழி திறந்தது. பந்து உன்னிடம் வந்தது.

நீ அந்த வழியில் போனாய். ஒருவனைத் தாண்டினாய், இன்னொருவனைத் தாண்டினாய். எல்லோரும் உன்னை நோக்கி வந்தார்கள். மாரிமுத்து நிற்கவில்லை, மறுபடி வளைந்து கோலுக்கு எதிரே போய் நின்றான், அவனைச் சுற்றி ஒரு குருவிகூட இல்லை. கையைத் தூக்கினான். நீ அவனைப் பார்த்தாய். நீ பார்த்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, இன்னும் ஒருவனைத் தாண்டி, நீயே அடித்தாய். கோல்.

உன்னைத் தோளில் தூக்கினார்கள், நம் ஆட்களும்தான் தூக்கினார்கள். மாரிமுத்துவும் ஒரு காலைப் பிடித்திருந்தான். துரை நாற்காலியை விட்டு எழுந்து திடலுக்குள் வந்தார், வழியில் நின்ற சவரிமுத்துவை ஒதுக்கிக்கொண்டு வந்து உன் கையைக் குலுக்கினார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார், நீ பதில் சொன்னாய். அவர் போன பிறகு மாரிமுத்து மண்டோரிடம் மெதுவாகக் கேட்டான், எங்களைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா என்று. மண்டோர் அந்த ஒரு தடவைதான் கேலி செய்யவில்லை. "தம்பி எந்த ஆபீஸ்ல வேலை செய்யுதுன்னு கேட்டாரு" என்றான்.

திரும்பி வரும் வண்டியில் நான் உன்னிடம் பேசினேன். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். நீ சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"அப்பா, நீங்க சொல்லிக் கொடுத்த காலியிடம்தான் அது. மாரிமுத்தண்ணன் ஓடித் தொறந்து விட்டாரு, நான் அதுல போனேன். உங்க பயிற்சிதான் கோல் போட்டுச்சு. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

"அவன் கை தூக்கினான்."

"அடிச்சது உள்ள போச்சா இல்லியா?"

போயிற்று. அதைத்தான் நான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெளியே போயிருந்தால் உனக்குப் புரிந்திருக்கும். உள்ளே போனதால் உனக்கு இனி எப்போதும் புரியாது. பதினோரு பேர் செய்த வேலை ஒருத்தன் வேலையாகத் தெரிந்துபோயிற்று. அந்தத் துரையின் கண்ணுக்கு நம் திடலில் ஓர் ஆள்தான் இருந்தான். மற்றவர்கள் கூடை வரிசை.

அதன் பிறகு நடந்தது ஒன்றும் ரகசியமில்லை. உனக்குச் சிங்கப்பூர் அலுவலகத்தில் இடம் வந்தது, நல்ல ஆட்டக்காரர் என்று துரை எழுதிக் கொடுத்ததால் வந்தது. நீ கேட்டு வாங்கவில்லை, எனக்குத் தெரியும். நீ போகாமல் இருந்திருந்தாலும் மற்றவர்கள் வேலை தப்பியிருக்காது, அதுவும் தெரியும். நீ பந்தைக் கொடுத்து மாரிமுத்து அடித்திருந்தாலும் துரை அவன் கையைக் குலுக்கிவிட்டு அடுத்த மாதம் கப்பல் ஏற்றியிருப்பார் என்று உன் அம்மா தினமும் எனக்குச் சொல்கிறாள். இருக்கலாம். ஏற்றியிருப்பார். ஆனால் கண்ணால் பார்த்துவிட்டு ஏற்றியிருப்பார். பார்க்காமலே ஏற்றுவதும் பார்த்துவிட்டு ஏற்றுவதும் ஒன்றா என்று அவளிடம் கேட்டேன். கப்பலில் போகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான் என்றாள். எனக்கு ஒன்றில்லை. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கப்போவதில்லை.

மாரிமுத்துவும் இன்னும் சிலரும் ஒரே வண்டியில் போனார்கள், இங்கிருந்து கிள்ளான் வழியாகக் கப்பல்துறைக்கு. நான் வேலையில் இருந்தேன். வண்டி யார்டைத் தாண்டுவதற்கு முன் நிற்கும் அல்லவா, அப்போது ஜன்னல் பக்கம் போனேன். தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உன்னைப் பற்றித்தான் நான் பேச்சை எடுத்தேன். அவன் கேட்கவில்லை.

"விடுங்கண்ணே. தம்பி நல்லாத்தான் அடிச்சுது. நான் அடிச்சிருந்தா மேல போயிருக்கும், எனக்குத் தெரியாதா என் காலைப் பத்தி?"

"ஊர்ல போய் விளையாடுவியாடா?"

"யாரோட? மாமியார் வீட்டு எருமையோடயா? அதுவும் உங்களை மாதிரிதான், நவுருடான்னா நவுராது."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிக்னல் விழுந்தது. நான் போய் நெம்புகோலைத் தள்ளினேன். அந்த வண்டிக்கு வழி திறந்துவிட்டவன் நான்தான், வேறு யாரும் இல்லை. சரியான நேரத்தில், வண்டி வருவதற்கு முன்பே திறந்துவிட்டேன். அவன் நாகப்பட்டினத்தில் இறங்கினானா, எங்கே போனான், ஒரு செய்தியும் இல்லை. அவனுக்கு எழுதத் தெரியாது. எழுதிக்கொடுக்க ஆள் கிடைத்தாலும் எனக்கு எழுதுவான் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது உனக்கு வருகிறேன். அங்கே உன்னிடம் இருப்பவர்கள் கிளார்க்குகள். கூடை வரிசையில் நின்றவர்கள் இல்லை, அதனால் நகர வைப்பது உனக்கு எளிதாக இருக்கும் என்று நினைப்பாய். இருக்காது. எனக்குக் கிடைத்தவர்கள் இடத்தை விட்டு நகரப் பயந்தார்கள், உனக்குக் கிடைத்தவர்கள் எல்லோரும் பந்து இருக்கும் இடத்துக்கே ஓடி வருவார்கள், துரை அங்கேதான் பார்ப்பார் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். முதல் நாள் நான்கு கல்லை வைப்பாய். இரண்டு மூன்று நாள் மரியாதைக்கு ஓடுவார்கள். பிறகு ஒருவன் கேட்பான், ஐயா, கோல் அடிக்கப் பழக்குங்கள், இது எதற்கு என்று. உனக்கும் பதில் தெரியாது. ஏனென்றால் நீ அந்தக் காலிக் கல்லுக்கு ஒரு நாளும் ஓடியதில்லை. உனக்காக மற்றவர்கள் ஓடினார்கள். பிறகு நீ பந்தை எடுத்து நாலு பேரைத் தாண்டிக் காட்டுவாய், எல்லோரும் கை தட்டுவார்கள், கற்களை யாராவது ஓரமாக எடுத்துப் போடுவார்கள். இதை நான் சாபமாகச் சொல்லவில்லை. நடக்கப்போவதைச் சொல்கிறேன்.

ஒருவேளை செய்வதானால், இவ்வளவையாவது செய். காலிக் கல்லுக்கு ஓடியவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நல்லது என்று சொல். பந்து தொட்டவனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதே, அவனுக்குச் சொல்ல ஊரே இருக்கிறது. நடுவில் பறிக்கிறவனை அடிக்கடி மாற்று, களைத்தவன் பறித்தால் மற்றவர்களுக்குப் பாடம் இல்லை. நின்று வாங்குகிறவனைத் திட்டாதே, அவன் எங்கே வேலை செய்கிறான், அங்கே அவனை எப்படி நிற்க வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பார். நீயும் ஒரு கல்லில் நில். வெளியே நின்று விசில் ஊதாதே. மூன்றாவது ஆளாக நீ ஓடு, பந்து வராமல் திரும்பி வா, மறுபடி ஓடு. அது உன்னால் முடியாது என்று நினைக்கிறேன். நீ என் மகன் என்பதற்காக முடியும் என்று எழுத எனக்கு வரவில்லை.

இங்கே இன்னும் திடல் இருக்கிறது. புல் முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது, கற்கள் வைத்த இடத்தை மட்டும் நானே அரிவாளால் வெட்டி வைத்திருக்கிறேன். சன்னாசியும் சவரிமுத்துவும் வருகிறார்கள். மூன்றாவது ஆள் நான். எனக்கு மூட்டு வலி, ஓடுவது என்று சொல்ல முடியாது, நடந்து போய்க் காலிக் கல்லில் நிற்பேன், அதுவரை சவரிமுத்து பந்தைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருப்பான். நடுவில் பறிக்க ஆள் இல்லை. வேலியில் வேடிக்கை பார்க்கவும் ஆள் இல்லை. ஆனாலும் மூன்று பேர் இருந்தவரை ஒரு கல் காலியாக இருந்தது, ஒருவன் அங்கே போக வேண்டியிருந்தது. அது போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று சன்னாசி வந்து சொன்னான், அவன் பெயரும் வந்துவிட்டது, அடுத்த கப்பல். சொல்லிவிட்டு வழக்கம்போல அவன் கல்லில் போய் நின்றான். நாங்கள் இருட்டும்வரை ஆடினோம். அவன் ஒரு தடவைகூடப் பிந்தவில்லை.

இனி நானும் சவரிமுத்துவும்தான். இரண்டு பேருக்கு இந்தப் பயிற்சி இல்லை. அவன் எனக்குத் தள்ளுவான், நான் அவனுக்குத் தள்ளுவேன். பறிக்க யாரும் வரமாட்டார்கள். இத்தனை வருஷம் பந்து நம்மை விட்டுப் போகக் கூடாது என்று நான் பாடுபட்டேன் அல்லவா, இனி அது போகவே போகாது, எங்களிடமேதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மா நலம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா